முப்பத்தெட்டாவது வரி

“இருபத்திரண்டு. உதடுகளும் மூக்கின் உட்புறமும் ஆயுள் முழுவதும் வறண்டிருக்கக்கூடும்.”

“புரிந்ததா?”

“புரிஞ்சுது.”

“நிமிந்து கேமராவைப் பாத்து, ‘புரிந்தது’ன்னு சொல்லணும்.”

“புரிந்தது மதினி.”

“மதினின்னு சொல்லக் கூடாது.”

“பின்ன எப்படிக் கூப்பிட? மேடம்னா? காலையில என் சீப்பை எடுத்துத் தலை சீவிட்டு வந்தவங்களையா?”

லீதியாளுக்குச் சிரிப்பு வந்தது. அதை உதட்டுக்குள்ளேயே மடித்து வைத்துக்கொண்டாள். எதிரே திரையைக் கையில் ஏந்தி உட்கார்ந்திருந்தவள் அவள் கணவன் செல்வினின் தங்கை ஜாஸ்லின். இருவருக்கும் நடுவே ஒரு மேசை. மேசை மேல் தீப்பெட்டி அளவில் ஒரு கேமரா. அதன் நெற்றியில் சிவப்பாக ஒரு பொட்டு வெளிச்சம். அது எரியும்வரை பேசுவதெல்லாம் பதிவாகும்.

தூத்துக்குடியில் அந்தத் தோல் மருத்துவமனைக்குள் நுழைந்ததும் இடப்பக்கம் இருக்கும் இந்த அறைக்கு வாசிப்பு அறை என்று பெயர். மருந்துக்கு நீளமான ஒரு பெயர் உண்டு. ஊரில் எல்லோரும் அதைப் பால்முக ஊசி என்றுதான் சொன்னார்கள். உடம்பில் இருக்கும் எண்ணெய்ச் சுரப்பிகளை ஒன்று விடாமல் தேடிப்போய், இனி வேலை செய்ய வேண்டாம் என்று நிரந்தரமாக நிறுத்திவிடும் ஊசி. மூன்று வாரத்தில் பரு உதிரும். மூன்று மாதத்தில் முகம் பீங்கான் ஆகும். பருவே திரும்ப வராது. எதுவுமே திரும்ப வராது.

வந்த புதிதில், ‘எங்களுக்கு யாரும் சொல்லவில்லையே’ என்று பலர் நீதிமன்றம் போனார்கள். அதனால் இப்படி ஒரு ஏற்பாடு. ஊசி போட்டுக்கொள்பவர் நாற்பத்தொரு ஆபத்துகளையும் தன் வாயால், தன் குரலில் வாசிக்க வேண்டும். எதிரே ‘கேட்பவர்’ ஒருவர் உட்கார்ந்து ஒவ்வொரு வரிக்கும் “புரிந்ததா?” என்று மட்டும் கேட்பார். வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ கேட்பவர் ஒரு சொல் சொன்னாலும் வாசிப்பு செல்லாது. சொந்த ரத்தத்திலிருந்து அவரவர்க்கென்று செய்யும் மருந்து அது. குளிரிலிருந்து எடுத்துவிட்டால் அன்று மாலை வரைதான் தாங்கும். வாசிப்பு கெட்டால் மருந்தையும் கொட்டிவிடுவார்கள்.

லீதியாள் ஆறு வருடமாகக் கேட்பவள். ஆயிரக்கணக்கான பெண்களின் குரலைக் கேட்டிருக்கிறாள். வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல் ஓட்டுகிறவர்கள், ஆலயத்தில் வேதபாடம் வாசிப்பதுபோல் நிறுத்தி நிதானமாக வாசிக்கிறவர்கள், ஈரல் என்ற சொல் வந்ததும் அழுகிறவர்கள். கடைசியில் எல்லோரும் கட்டை விரலைத் திரையில் வைத்துவிட்டு உள்ளே போய்விடுவார்கள். எழுந்து வெளியே போன ஒருத்தியை அவள் பார்த்ததில்லை.

கேட்பவர் உறவினராக இருக்கக் கூடாது என்று விதி உண்டு. பெற்றோர், உடன்பிறந்தோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் என்று பட்டியலே போட்டிருந்தார்கள். அண்ணன் மனைவியைச் சேர்க்க மறந்துவிட்டார்கள். பட்டியல் எழுதியவனுக்கு நாத்தனார் இல்லை போலிருக்கிறது. “எனக்கு நீங்கதான் கேக்கணும். வேற யாரு முன்னாலயும் நான் முகத்தைத் தூக்கி உக்கார மாட்டேன்” என்று ஜாஸ்லின் சொன்னபோது, தடுக்க லீதியாளிடம் ஒரு விதியும் இருக்கவில்லை.

“இருபத்திமூணு” என்று தொடங்கினாள் ஜாஸ்லின். துப்பட்டாவை இறக்கி முகத்தை முழுதாகக் காட்டியிருந்தாள். அதுவும் விதிதான்.

வீட்டில் அந்த முகத்தைத் தினமும் பார்க்கிற லீதியாளுக்கே இந்த வெள்ளை வெளிச்சத்தில் ஒரு கணம் கண் தாழ்ந்தது. இரண்டு கன்னத்திலும், தாடை ஓரம் முழுக்க, கழுத்து இறங்கும் இடம்வரை சுண்டைக்காய் சுண்டைக்காயாகக் கட்டிகள். சில உடைந்து காய்ந்திருந்தன. சில உடைய நாள் பார்த்துச் சிவந்திருந்தன. முதுகிலும் உண்டு. மல்லாந்தாலும் வலி, ஒருக்களித்தாலும் வலி என்று அவள் சுவரில் நெற்றியை முட்டுக்கொடுத்து உட்கார்ந்தபடி தூங்குவாள். களிம்பு, ஆன்டிபயாட்டிக், பழைய கால மாத்திரை எல்லாம் பார்த்தாயிற்று. அந்த மாத்திரை ஐந்து மாதம் நன்றாகத்தான் கேட்டது. ஆறாவது மாதம் ரத்தப் பரிசோதனையில் ஈரல் கணக்கு எகிறியது. நிறுத்தச் சொன்னார்கள். நிறுத்தியதும் போனதெல்லாம் கூட்டாளிகளை அழைத்துக்கொண்டு வந்தது.

பாடகர் குழுவில் முன்வரிசையில் நின்றவள் பின்வரிசைக்குப் போனாள். பிறகு ஆலயத்துக்கே போவதை விட்டாள். சாத்தான்குளத்திலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள் முறுக்கைக் கடித்துக்கொண்டே, “முகம் சரியாகட்டும், அப்புறம் பேசலாம்” என்றார்கள். அதற்கு அடுத்த வாரம் ஒரு மத்தியானம், செல்வின் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரிலிருந்து அவளைத் தூக்கிக்கொண்டு கீழே வந்தான். வடகம் காயப்போடப் போனேன் என்றாள் அவள். வடகத் தட்டு சமையலறையிலேயே இருந்தது. அதைப் பற்றி அந்த வீட்டில் இன்றுவரை யாரும் பேசியதில்லை.

அன்றைக்கே லீதியாள் இங்கே வந்து ஜாஸ்லினின் பெயரைக் காத்திருப்போர் வரிசையில் பதிந்தாள். இருபத்திநாலு வயது முடிந்தால் இந்த மருந்து உடம்பில் பிடிக்காது. ஜாஸ்லினுக்கு அடுத்த வாரம் பிறந்தநாள். வரிசை நகர்ந்து நகர்ந்து, முறை இன்றுதான் வந்தது.

பதிந்தபோது லீதியாளின் வயிற்றில் குழந்தை இல்லை.

“இருபத்தொன்பது. முடி உதிரவும் நகங்கள் பிளவுபடவும் கூடும்.”

“புரிந்ததா?”

“புரிந்தது. எல்லாத்தையும் சேத்து ஒரே புரிந்ததா சொல்லிறட்டா?”

“ஜாஸ்லின்.”

“சரி சரி.”

லீதியாளும் இதே அறையில், இதே சுவரைப் பார்த்து வாசித்தவள்தான். பதினெட்டு வயதில். அவளுக்கும் இதே கட்டிகள்தான். கல்லூரிப் பேருந்தில் பக்கத்து இருக்கை எப்போதும் காலியாகவே வரும். ஊசிக்குப் பிறகு அந்த இருக்கையில் ஆள் உட்கார்ந்தது. நிமிர்ந்து நடந்தாள், வேலை கிடைத்தது, செல்வின் வந்தான். கல்யாணமான புதிதில் அவள் கழுத்தில் முகம் வைத்துவிட்டு, “கழுவிக் கவிழ்த்த பாத்திரம் மாதிரி இருக்க நீ” என்றான். அது அவளுக்கு ஆசை வார்த்தையாகத்தான் கேட்டது. பதினொரு வருடம் அவள் அந்த ஊசியை நன்றியோடுதான் நினைத்தாள். அதையும் மறைக்க முடியாது.

ஏனோக் பிறந்து நாலு மாதம் ஆகிறது. பிறந்த அன்று அவனை நெஞ்சில் கிடத்தினார்கள். பிறந்த குழந்தை தலையை அப்படியும் இப்படியும் ஆட்டித் தேடி வரும், காத்திரும்மா என்றாள் நர்ஸ். ஏனோக் தேடினான். அப்படியும் இப்படியும் தலையை ஆட்டினான். நெடுநேரம் தேடிவிட்டு, யாரும் இல்லாத வீட்டுக் கதவைத் தட்டி அலுத்தவன்போல் அழத் தொடங்கினான்.

பால் இருந்தது. அவன்தான் வரவில்லை. பீய்ச்சிப் பாட்டிலில் கொடுத்தாள். அவள் மடியில் வைத்தால் பாட்டிலையும் துப்பினான். ஆறாம் நாள், அழுது நீலம் பாரித்துப்போனவனை ஜாஸ்லின் சும்மா வாங்கித் தோளில் போட்டாள். அவன் அவள் தாடைக்கு அடியில் மூக்கைப் புதைத்தான். ஒரு பெருமூச்சு விட்டான். அடங்கினான். அன்றிலிருந்து அவள் கையில் மட்டும்தான் பாட்டிலையும் குடித்தான்.

“கண் பட்டிருக்கு” என்றாள் மாமியார் அன்னபாய். பிறகு, பவுடர் ஒத்துக்கொள்ளவில்லை என்றாள். பிறகு, பிள்ளை பெற்றவள் உடம்பு சுத்தமாக இருக்க வேண்டும் என்று லீதியாளைத் தினமும் மூன்று முறை சோப்புப் போட்டுக் குளிக்கவைத்தாள். இருந்த கொஞ்சநஞ்சமும் அதில் போயிருக்கும்.

குழந்தைகள் டாக்டர் ஹபீபாதான் ஒருநாள் கையில் இருந்த பேனாவை வைத்துவிட்டு, எழுந்து வந்து, லீதியாளின் தோளருகே குனிந்து மோந்து பார்த்தார்.

“உங்ககிட்ட வாசனையே இல்லம்மா, தெரியுமா? சோப்பு வாசனை வருது. அதுக்கு அடியில ஒண்ணுமே இல்ல.”

“அது நல்லதுதானே டாக்டர்?”

“எனக்கும் உங்க வீட்டுக்காரருக்கும் நல்லது. அவனுக்கு இல்ல.” டாக்டர் கட்டிலில் கிடந்த ஏனோக்கைக் காட்டினார். “காம்பைச் சுத்திச் சின்னச் சின்னப் புள்ளி இருக்குமில்ல, அதுவும் எண்ணெய்ச் சுரப்பிதான். பிறந்த குழந்தைக்குக் கண்ணு சரியாத் தெரியாது. அந்த வாசனையைப் பிடிச்சுத்தான் வரும். அதான் அதுக்கு அம்மா. பால்முக ஊசி போட்டீங்களா?”

லீதியாள் தலையாட்டினாள்.

“உங்களோட சேத்து மூணு பேரைப் பாத்துட்டேன். மூணு பேரை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. சொன்னாலும் யாரும் கேக்க மாட்டாங்க. ஊசி போட்ட பொண்ணுங்களுக்கு இப்பத்தான பிள்ளை பெறுற வயசு வருது.”

“அந்த மத்த ரெண்டு பிள்ளைங்க?”

“ஒண்ணு அதோட ஆச்சிகிட்ட ஒட்டிக்கிச்சு.” டாக்டர் ஏனோக்கின் போர்வையை இழுத்துவிட்டார். “இன்னொண்ணுக்கு யாரும் அமையல. பால் குடிக்கும், வளரும். மேல பாத்துக்கிட்டே கிடக்கும். ஒரு கட்டத்துல அழுறதை விட்டுருச்சு. எனக்கு அதுதான் பயம்மா இருந்துச்சு. உங்க வீட்டுல இவன் யார்கிட்டயாவது அடங்குறானா?”

“நாத்தனார்கிட்ட.”

“அவங்களை விட்டுறாதீங்க. ஒரு வயசு ஆகுற வரைக்குமாவது. அந்த வாசனையும் திடீர்னு நின்னா என்ன ஆவான்னு எனக்குச் சொல்லத் தெரியலம்மா.”

வெளியே வந்து ஆட்டோவில் ஏறியபிறகுதான் லீதியாளுக்கு உறைத்தது. எந்த எண்ணெய் ஜாஸ்லினின் முகத்தைத் தின்றுகொண்டிருக்கிறதோ, அதே எண்ணெயில்தான் அவள் பிள்ளை உயிர் வைத்திருக்கிறான்.

டாக்டர் சொன்னதை அவள் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை, செல்வினிடம்கூட. சொன்னால் ஜாஸ்லின் வரிசையிலிருந்து பெயரை எடுத்துவிடுவாள். சொல்லாவிட்டால் ஏனோக்குக்கு இருக்கும் ஒரே ஆளையும் தன் கையாலேயே துடைத்துவிடுவாள். வாயைத் திறப்பதும் குற்றம், மூடியிருப்பதும் குற்றம் என்று நாட்கள் போயின. இடையில் ஒரு திருட்டு வேலையும் பார்த்தாள். ஜாஸ்லின் கழற்றிப்போட்ட நைட்டியை எடுத்து உடுத்திக்கொண்டு ஏனோக்கைத் தூக்கினாள். அவன் வந்தான். அவள் நெஞ்சில் முகம் புதைத்துப் பால்கூடக் குடித்தான். பத்து நிமிடம். லீதியாள் சத்தம் வராமல் விம்மினாள். அவன் தேடி வந்தது நைட்டியை என்பதும் அவளுக்குத் தெரிந்தே இருந்தது.

மறுநாள், ரத்தக்கறை படிந்து கிடக்கிறதே என்று அன்னபாய் அந்த நைட்டியை வெந்நீரில் ஊறப்போட்டு, நீலம் போட்டு அலசி, வெயிலில் காயவைத்து மடித்தே கொடுத்தாள். அதை உடுத்திக்கொண்டு தூக்கியபோது ஏனோக் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

“முப்பத்தாறு. கண்ணின் ஈரம் குறையவும், அழும்போது எரிச்சல் ஏற்படவும் கூடும்.”

“புரிந்ததா?”

“புரிந்தது. நீங்க அழும்போது கண்ணு சிவக்கிறது இதனாலயா? நான் என் அண்ணனாலன்னு நெனச்சேன்.”

மேசைக்கு அடியில் அவள் விரல்கள் ஒன்றை ஒன்று முறுக்கிக்கொண்டிருந்தன. அடுத்தது முப்பத்தேழு. அதற்கு அடுத்தது எது என்று அவளுக்கு மனப்பாடம். ஆறு வருடமாக எல்லோரும் வேகமாகக் கடந்துபோகும் வரி அது. ஈரல், சிறுநீரகம், கண் என்று வந்தபிறகு அது வெறும் சம்பிரதாயம்போல் ஒலிக்கும். பதினெட்டு வயதில் அவளும் அப்படித்தான் கடந்தாள். போன வாரம் ஒரு மத்தியானம் அலுவலகப் பெட்டகத்திலிருந்து தன் பழைய பதிவை எடுத்து, வீட்டில் போனில் ஓடவிட்டுப் பார்த்தாள். கட்டிகள் அப்பிய ஒரு சின்னப் பெண் திரையில் நிமிர்ந்து, அந்த வரியை வாசித்துவிட்டு, “மத்தவங்களுக்கு என்ன வந்துச்சு? ஊசி எனக்குத்தானே?” என்று சிரித்தாள். எதிரே இருந்த கேட்பவர், “புரிந்ததா?” என்றார். அந்தப் பெண், “புரிந்தது” என்றாள்.

“முப்பத்தேழு. சூரிய ஒளியில் தோல் எளிதில் கருகக்கூடும்.”

“புரிந்ததா?”

“புரிந்தது.” ஜாஸ்லின் அடுத்த வரிக்குப் போனாள். “முப்பத்தெட்டு. இம்மருந்தைப் பெறாத பிறருக்கு இதனால் ஏற்படக்கூடிய விளைவுகள் ஆராயப்படவில்லை.”

“புரிந்ததா?”

ஜாஸ்லின் நிமிரவில்லை. திரையை மெதுவாக மேசைமேல் வைத்தாள். வெளியே நடைபாதையில் யாரோ ஒரு டோக்கன் எண்ணைக் கூப்பிட்டார்கள்.

“புரிந்ததா?” லீதியாள் மறுபடி கேட்டாள். குரல் அவளுடையது மாதிரி இல்லை.

“இந்த வரிக்குத்தானே மதினி சிரிச்சீங்க?”

லீதியாளின் கண் கேமராவின் சிவப்புப் பொட்டுக்குப் போனது.

“நீங்க போனுல பாத்துட்டு இருந்தப்ப நான் பின்னால குட்டியோட நின்னேன். உங்களுக்குத் தெரியல. அப்பத்தான் முழுசும் புரிஞ்சுது. அரைவாசி முன்னாலயே தெரியும். அம்மா நைட்டியை ஊறப்போட்டதும் நீங்க வாளி பக்கத்துல போய் நின்னீங்களே, அன்னைக்கே. செத்த வீட்டுல நிக்கிற மாதிரி நின்னீங்க. ஒரு நைட்டிக்கு யாராவது அப்படி நிப்பாங்களா? அவன் என் வாசனைக்குத்தான் வாறான்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு.”

“வாசிப்பு ஓடுது, ஜாஸ்லின்.”

“ஓடட்டும்.” அவள் ஆள்காட்டி விரலால் தன் தாடையின் அடியைத் தொட்டாள். அந்த இடம் பச்சையாக இருந்தது. தொட்டதும் கண் சுருங்கியது. “இங்கதான் மூக்கைக் கொண்டுவந்து தேய்க்கான். உயிர் போவுற வலி. ஆனா விலக்கத் தோணல. என் முகத்தைப் பாத்ததும் எல்லாரும் ஓரடி பின்னால போவாங்க. அம்மாகூட முத்தம் குடுக்கும்போது உச்சந்தலையிலதான் குடுப்பா. இந்தத் தோலைத் தேடி வந்த ஒரே ஆளு அவன்தான்.”

லீதியாளின் நாக்கு நுனிவரை சொற்கள் வந்துவிட்டன. வேண்டாம், போட்டுக்கொள் என்று இரண்டே சொற்கள்தான். வேண்டாம் என்று சொன்னால் வாசிப்பு செல்லாது. மருந்து தொட்டிக்குள் போகும். ஏனோக்குக்கு அந்தத் தாடை மிஞ்சும். ஜாஸ்லினுக்கு இந்த முகம் மிஞ்சும், சுவரில் முட்டுக்கொடுத்துத் தூங்கும் இரவுகள் மிஞ்சும், மொட்டைமாடியும் மிஞ்சும். போட்டுக்கொள் என்று சொன்னாலும் வாசிப்பு செல்லாது. எதுவும் சொல்லாமல் இருந்தால் மட்டும்தான் ஊசி. அப்போது மூன்று வாரத்தில் அவள் மகன் ஒரு தோளில் மூக்கைப் புதைத்துத் தேடுவான், அங்கேயும் யாரும் இருக்க மாட்டார்கள். பிறகு அவன் மேலே பார்த்துக்கொண்டே கிடப்பான்.

வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு ஆயிரம் காரணங்கள் தோன்றின. ஈரல், கண், நாளைக்கு அவளும் தாயாக வேண்டுமே. எல்லாம் உண்மைதான். ஆனால் எந்தக் காரணத்தைக் கையில் எடுத்தாலும் அதன் அடியில் ஏனோக்கின் முகம் இருந்தது. அதை மட்டும் தனியாகப் பிரித்தெடுக்க அவளால் முடியவில்லை.

“இன்னைக்குக் காலையில தலையணை உறையைத் தண்ணி தெளிச்சுத்தான் கன்னத்துல இருந்து உரிச்சு எடுத்தேன்” என்றாள் ஜாஸ்லின். குரல் தணிந்திருந்தது. “இந்த முகத்தோட இன்னும் எத்தனை வருஷம்னு எனக்குத் தெரியல மதினி. இருப்பேனான்னும் தெரியல. அது உங்களுக்கும் தெரியும். வடகத் தட்டு அடுக்களையிலயே இருந்ததை நீங்கதான பாத்தீங்க.”

அவள் திரையை மறுபடி எடுத்தாள். முப்பத்தொன்பது, நாற்பது, நாற்பத்தொன்று என்று மூன்று வரிகள் மிச்சமிருந்தன. அவற்றை விரலால் மேலே தள்ளிவிட்டாள். கடைசியில் கட்டைவிரல் வைக்கும் நீல வட்டம் வந்து நின்றது. வாசிக்காமல் அதைத் தொட முடியாது. அது அவளுக்கும் தெரியும். கட்டைவிரலை அதற்கு மேலே, படாமல் பிடித்துக்கொண்டாள்.

கேமராவின் சிவப்புப் பொட்டு எரிந்துகொண்டிருந்தது.

“நீங்க பேசினா எல்லாம் போயிரும்னு எனக்குத் தெரியும். அதான் கேக்கேன். வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, எந்திரிச்சு உங்ககூட வீட்டுக்கு வந்துருதேன். கோவிச்சுக்க மாட்டேன், சத்தியமா. ஆனா அவனுக்காகன்னு சொல்லாதீங்க மதினி. எனக்காகன்னு சொல்லுங்க. என் முகத்தைப் பாத்துச் சொல்லுங்க.”